கல்லும் கலகமும்

தலைநகரில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்குச் செங்கோட்டை புதியதோர் இடமன்று. ஊரிலிருந்து உறவினர் வந்து இறங்கினால், இரண்டொரு நாளில் அவர்களை அழைத்துக்கொண்டு லாகூர் வாயில் வழியே உள்ளே சென்று, கூரையிட்ட கடைவீதியைக் கடந்து, ‘திவானி ஆம்’ என வழங்கும் பொதுச்சபை மண்டபத்தின் முன் நிற்பது நம்மிற் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. மண்டபத்தின் தூண்களையும் சலவைக்கல் அரியணை மேடையையும் கண்டு வியக்கிறோம். ஆனால், அந்த மேடைக்குப் பின்னுள்ள சுவரை நின்று நோக்குவோர் சிலரே.

அச்சுவர் நின்று நோக்கத்தக்கது. கருஞ்சலவைக்கல்லில் பல நிறக் கற்களை இழைத்துப் பதித்த பலகைகள் அங்கு உள்ளன. மலர்களும் பறவைகளும் அவற்றில் உயிரோடு இருப்பனபோலத் தோன்றும். உச்சியிலுள்ள ஒரு பலகையில் மட்டும் மனித உருவம் ஒன்று உண்டு. மரத்தடியில் அமர்ந்து ஒருவன் நரம்புக்கருவியை இசைக்கிறான்; சிங்கமும் முயலும் பகை மறந்து அவன் காலடியில் கிடக்கின்றன. அவன் பெயர் ஆர்பியூஸ்; கிரேக்கப் புராணத்தில் வரும் இசைவாணன். ஆனாய நாயனார் குழலூதியபோது ஒன்றையொன்று அஞ்சும் உயிர்களெல்லாம் அச்சம் நீங்கி அருகருகே நின்றன என்று பெரிய புராணத்தில் படிக்கிறோம் அல்லவா? அதற்கு நிகரான கதை இது. இத்தாலிய நாட்டுக் கைவேலை என்று அறிஞர் பலரும் கருதும் இப்பலகை, மொகலாயப் பேரரசரின் அரியணைக்கு மேலே இடம் பெற்றது.

இப்பலகை ஒரு காலத்தில் சுவரிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கடல் கடந்து போயிற்று. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தே திரும்பி வந்தது. அது போன கதையையும் மீண்ட கதையையும் தொடர்ந்து சென்றால், கலகக் காலங்களில் ஒரு நகரத்தின் பொதுக் கலைச் செல்வங்கள் என்ன ஆகின்றன என்பது விளங்கும். அதுவே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

கலகம் என்ற சொல்லைக் கேட்டதும், கையில் தடியும் கடப்பாரையும் ஏந்திய கூட்டமே நம் மனக்கண்முன் வருகிறது. கலைப்பொருள் அழிவதெல்லாம் அக்கூட்டத்தின் ஆத்திரத்தால்தான் என்று எண்ணிவிடுகிறோம். தில்லியின் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் வேறோர் உண்மை புலப்படும். ஆத்திரத்தில் உடைந்தது உண்டு, இல்லையென்பதற்கில்லை. ஆனால், கலகம் ஓய்ந்தபின், ஆள்வோர் அமைதியாக அமர்ந்து ஆணை எழுதி, கூலி கொடுத்து இடித்ததே அதனினும் மிகுதி.

ஷாஜஹான் இக்கோட்டைக்கு 1639-இல் அடிக்கல் இடுவித்தார். 1648-இல் கட்டடவேலை நிறைவெய்தியது. அடுத்த நூற்றாண்டிலேயே கொள்ளை தொடங்கிவிட்டது. 1739-இல் பாரசீகத்து நாதிர் ஷா படையெடுத்து வந்தான். சாந்தினி சௌக்கிலுள்ள சுனேரி பள்ளிவாசலில் அமர்ந்து அவன் படுகொலைக்கு ஆணையிட்டதும், மயிலாசனத்தைக் கொண்டு சென்றதும் யாவரும் அறிந்தவை. 1760-இல் மராட்டியப் படையினர் ‘திவானி காஸ்’ மண்டபத்தின் வெள்ளி விதானத்தைப் பெயர்த்து உருக்கினர். 1788-இல் குலாம் காதிர் என்னும் ரோகில்லாத் தலைவன், புதையல் தேடி அரண்மனைத் தளங்களைத் தோண்டினான். கிழ அரசராகிய ஷா ஆலத்தின் கண்களையும் பறித்தான். இவை மூன்றும் பெருங்கொடுமைகளே. எனினும், கொள்ளைக்காரனின் கண்ணுக்குப் பொன்னும் வெள்ளியுமே தெரியும். கல் அவனுக்கு வீண்பாரம். ஆகவே, வெள்ளி போன பின்னும் மண்டபம் நின்றது. அரியணை போன பின்னும் ஆர்பியூஸ் தன் இசையை நிறுத்தவில்லை.

1857 மே மாதம் 11-ஆம் நாள், மீரட்டிலிருந்து புறப்பட்ட சிப்பாய்கள் யமுனைப் பாலத்தைக் கடந்து தில்லிக்குள் புகுந்தனர். முதிய பகதூர் ஷாவைத் தங்கள் தலைவராக அறிவித்தனர். நான்கு மாதம் போர் நடந்தது. செப்டம்பரில் ஆங்கிலப் படை நகரைப் பிடித்தது. ஹுமாயூன் கல்லறையில் அடைக்கலம் புகுந்திருந்த பகதூர் ஷா சிறைப்பட்டார். 1858 ஜனவரி முதல் மார்ச் வரை, அவர் அரசவை கூடிய அதே திவானி காஸ் மண்டபத்தில் அவர்மீது விசாரணை நடந்தது. பின்னர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862-இல் அங்கேயே உயிர் நீத்தார்.

மன்னரின் கதை இவ்வாறு முடிந்தது. கற்களின் கதை அப்பொழுதுதான் தொடங்கியது. போரில் கிடைத்த பொருளைத் திரட்டிப் பங்கிடுவதற்கென்றே ஆங்கிலப் படையில் அதிகாரிகள் இருந்தனர். வீடு வீடாகச் சென்று சுவரையும் தரையையும் தோண்டுவது அவர்கள் அலுவலாயிற்று. ஜோன்ஸ் என்னும் படைத்தலைவர், திவானி ஆம் சுவரிலிருந்த பலகைகளைப் பெயர்த்து மேசைப் பலகைகளாக அமைத்துக்கொண்டார். பின்னர் அவற்றை 500 பவுனுக்கு ஆங்கில அரசாங்கத்திற்கே விற்றுவிட்டார். ஆர்பியூஸ் லண்டன் தென் கென்சிங்டன் பொருட்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வாறுதான்.

இதனை ஒரு தனி மனிதரின் பேராசை என்று விட்டுவிடலாம். அடுத்து நடந்ததை அவ்வாறு விட இயலாது. கோட்டைக்குள் அரச குடும்பத்தினர் வாழ்ந்த மாளிகைகள், முற்றங்கள், நடைமண்டபங்கள், தோட்டங்கள் ஆகியவற்றிற் பெரும்பகுதி வரிசையாக இடித்துத் தள்ளப்பட்டன. அவ்விடங்களில் பட்டாளத்துக்கு நீண்ட கல் விடுதிகள் எழுந்தன. எஞ்சிய மண்டபங்களில் ரங் மகால் அதிகாரிகளின் உணவுச்சாலையாயிற்று. மும்தாஜ் மகால் சிறைக்கூடமாயிற்று. கோட்டைக்கு வெளியே, பீரங்கி சுடுவதற்குத் தடையில்லாத வெளி வேண்டுமென்று சுற்றியிருந்த வீடுகளும் கடைகளும் தரைமட்டமாயின. ஷாஜஹானின் மனைவியருள் ஒருவர் கட்டுவித்த அக்பராபாதிப் பள்ளிவாசலும் அவற்றோடு மறைந்தது. பதேபுரிப் பள்ளிவாசல் ஏலத்தில் ஒரு வணிகருக்கு விற்கப்பட்டு, 1877-இல்தான் முஸ்லிம்களிடம் திரும்பியது. ஜும்மா பள்ளிவாசலையே இடித்துவிட வேண்டும் என்று கூறியவர்களும் இருந்தனர். நல்வினைப் பயனாக அது நடவாது போயிற்று. 1862-இல் பள்ளிவாசல் தொழுகைக்குத் திரும்பவும் அளிக்கப்பட்டது.

இவையெல்லாம் நடந்த காலத்தில் தில்லியில் போர் இல்லை. கூச்சலும் இல்லை. மேற்பார்வையாளர் இருந்தனர், அளவு நூல் இருந்தது, அன்றாடக் கூலி இருந்தது. ஆங்கிலத்தில் இவ்வேலைக்கு வழங்கிய சொல், ‘இடித்தல்’ என்பதன்று. ‘இடத்தை வெளியாக்குதல்’ என்னும் பொருள்படும் சொல்லேயாகும். அரசாங்க எழுத்தை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இச்சொல்லைக் கண்டு சற்றே நிற்கத் தோன்றுகிறது. வெளியாக்குதல் என்றால் அங்கு முன்பு ஒன்றும் இல்லாததுபோல் ஒலிக்கின்றது. சொல்லிலேயே மாளிகை இடிந்துவிட்டால், கையால் இடிப்பது எளிது.

ஆங்கிலேயரிலும் இதற்காக வருந்தியவர் உண்டு. இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பெர்குஸன், 1876-இல் வெளியிட்ட தம் நூலில் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். இடித்ததைவிட அவரை அதிகம் வருத்தியது, இடிக்குமுன் ஒரு வரைபடம்கூட எடுத்து வைக்காததே. இன்று அம்மாளிகைகளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் சில, மஜ்ஹர் அலி கான் என்னும் தில்லி ஓவியர் 1846-இல் கோட்டை வாயில் மீதிருந்து தீட்டிய நீண்ட சித்திரத்தால் தெரிபவை. கலகம் முடிந்த மறு ஆண்டில், 1858-இல், பெலிசே பியாட்டோ என்பவர் எடுத்த புகைப்படங்களும் உதவுகின்றன. ஓர் ஓவியரின் தூரிகைக்குள்ள பொறுப்பு, ஒரு பேரரசின் அலுவலகங்களுக்கு இல்லாமற் போனது வியப்பே.

மீட்சியும் ஆணையாகவே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைசிராயாக இருந்த கர்ஸன் பிரபு, ஆர்பியூஸ் பலகையையும் அதன் துணைகளையும் லண்டனிலிருந்து திரும்பப் பெற்றார். பிளாரன்ஸ் நகரத்திலிருந்து மெனகாட்டி என்னும் கைவினைஞர் வரவழைக்கப்பட்டார். அவர் சிதைந்தவற்றைச் செப்பனிட்டுச் சுவரில் மீண்டும் பதித்த வேலை 1909-இல் முடிந்தது. பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் 1904-இல் இயற்றப்பட்டது. ஒரே அரசாங்கத்தின் ஆணை இடித்தது. ஒரே அரசாங்கத்தின் ஆணை காத்தது. இடையில் மாறியது மனப்பான்மை ஒன்றே.

பட்டாளமோ கோட்டையை விட்டு அவ்வளவு விரைவில் போகவில்லை. விடுதலைக்குப் பின்னும் நம் இராணுவத்தின் கையிலேயே கோட்டையின் பெரும்பகுதி இருந்து, 2003 டிசம்பரில்தான் தொல்பொருள் இலாகாவிடம் வந்தது. 2007-இல் செங்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. மாளிகைகளை இடித்து எழுப்பிய அந்தப் பட்டாள விடுதிகளும் இன்று வரலாறாகிவிட்டன. 1945-46-இல் இந்திய தேசிய இராணுவத்தினர்மீது விசாரணை நடந்தது அவற்றுள் ஒன்றில்தான். 2019 முதல் அவற்றுள் சில பொருட்காட்சிசாலைகளாகியுள்ளன. நேற்று வன்செயலின் அடையாளமாக நின்ற கட்டடம், இன்று நாம் காக்க வேண்டிய கட்டடம். இவை யாருடைய ஞாபகம் என்று கேட்டுக் கேட்டு இடிக்கத் தொடங்கினால், தில்லியில் ஒரு சுவரும் மிஞ்சாது.

இனி, மக்கட்கூட்டத்தின் கையால் நேர்ந்த சேதத்திற்கு வருவோம். குதுப் மினாருக்கு அருகே மெஹ்ரௌலியில், 1235-இல் மறைந்த குதுபுத்தீன் பக்தியார் காக்கி என்னும் சூபி ஞானியின் தர்கா உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் பரூக்சியர் என்னும் மொகலாய அரசர் அங்குச் சலவைக்கல் சாலகங்களை அமைத்தார். துணியில் பூவேலை செய்வதுபோல் கல்லில் துளையிட்டுச் செய்யும் இவ்வேலையை இங்குள்ளோர் ‘ஜாலி’ என்பர். நம் கோயில்களின் கற்பலகணிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அயலாகத் தோன்றாது.

1947-இல் நாடு பிரிந்தபோது, மேற்குப் பஞ்சாபில் வீடும் உற்றாரும் இழந்து வந்தவர்களின் துயரமும் சினமும் தில்லியில் கொதித்தன. செப்டம்பரில் மூண்ட கலவரத்தில் மெஹ்ரௌலி தர்காவும் தப்பவில்லை. அதனைச் சூழ்ந்து வாழ்ந்த முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். சலவைக்கல் சாலகங்கள் உடைக்கப்பட்டன.

1948 ஜனவரி 13-ஆம் நாள் காந்தியடிகள் தமது கடைசி உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். அவர் விதித்த நிபந்தனைகளுள் முதன்மையானது, மெஹ்ரௌலி தர்காவின் உருஸ் விழா எப்போதும்போல் அச்சமின்றி நடைபெற வேண்டும் என்பது. ஆக்கிரமிக்கப்பட்ட பள்ளிவாசல்களைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. 18-ஆம் நாள் பல சமூகத்துத் தலைவர்களும் கூடி உறுதிமொழி அளித்தனர். அவ்வுறுதிமொழியில் ஓர் அரிய குறிப்பு உண்டு. இவற்றையெல்லாம் போலீசாரின் உதவியாலோ இராணுவத்தின் உதவியாலோ அன்றி, தம் சொந்த முயற்சியாலேயே நிறைவேற்றுவதாக அவர்கள் ஒப்புக்கொண்டனர்.

ஜனவரி 27-ஆம் நாள் உருஸ் விழா நடந்தது. உண்ணாவிரதத்தால் நலிந்திருந்த அடிகள் நேரில் சென்றார். உடைந்த சாலகங்களைக் கண்டு மனம் வருந்தினார். வேறிடத்தில் நேர்ந்த கொடுமைக்கு இங்கே பழிதீர்க்க நினையாது, அனைவரும் ஒன்றி வாழ வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் நம்மிடையே இல்லை. சாலகங்கள் பின்னர்ப் பழுதுபார்க்கப்பட்டன. தர்காவுக்கும் அருகிலுள்ள யோகமாயா கோயிலுக்கும் பூவிசிறி எடுத்துச் செல்லும் பழைய பூ விழா, 1942-இல் ஆங்கில ஆட்சியால் நிறுத்தப்பட்டிருந்தது; நேருவின் ஊக்கத்தால் 1960-களின் தொடக்கத்தில் அது மீண்டும் உயிர்பெற்று, இந்துக்களும் முஸ்லிம்களும் கூடிக் கொண்டாடும் விழாவாயிற்று.

இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 1857-க்குப் பின் ஆணையிட்டு இடித்த அழிவு ஆறாதது. மாளிகைகள் போனவை போனவையே. 1947-இல் கூட்டம் உடைத்தது கொடிது எனினும், அதனைச் சீர்செய்யும் கடமையை மக்கள் தலைவர்கள் தம் தலைமேல் ஏற்றனர். கல் உடைந்ததா இல்லையா என்பதைவிட, உடைந்தபின் அந்த ஊர் என்ன செய்தது என்பதே அந்த ஊரின் தரத்தைக் காட்டும்.

அதே நாட்களில் ஆத்திரமில்லாமல் நேர்ந்த சேதமும் ஒன்று உண்டு. ஹுமாயூன் கல்லறையும் புராணா கிலாவும் அகதி முகாம்களாயின. முதலில் பாகிஸ்தான் செல்லக் காத்திருந்த முஸ்லிம்களும், பின்னர் அங்கிருந்து வந்த இந்துக்களும் சீக்கியரும் அங்கே தங்கினர். ஆயிரக்கணக்கானோர் சமைத்துண்டு உறங்கிய இடத்தில் தோட்டமும் நீரோடைகளும் சிதைந்தது இயல்பே. உயிர் பிழைக்க ஒதுங்கியவரைக் குறை கூறுவது அறமாகாது. கூரையின்றி நிற்பவருக்குக் கூரையாவதைவிடக் கல்லுக்கு வேறு பெருமை இல்லை. பிற்காலத்தில், 1997 முதல் 2003 வரை தோட்டமும், 2007 முதல் 2013 வரை கல்லறைக் கட்டடமும் ஆகா கான் அறக்கட்டளையின் துணையோடு புதுப்பிக்கப்பட்டன. அப்போது கைவினைஞருக்கு வாய்த்த கடினமான வேலைகளுள் ஒன்று, இருபதாம் நூற்றாண்டில் பழுதுபார்ப்பதாக எண்ணிப் பூசிய சிமெண்டை அகற்றுவது. அமைதிக் காலத்து அறியாமைக்கு இதுவும் ஒரு சான்று.

இங்கே நேயர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். ‘அழகுக்காக அன்றி, அடக்குமுறையைப் போற்றுவதற்காகவே நிறுத்திய சிலையையும் காக்கத்தான் வேண்டுமா?’ நியாயமான கேள்வி. இதற்கு விடை காணத் தில்லியைவிட்டுச் சென்னைக்குச் செல்ல வேண்டும். 1857-இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுந்தண்டனைகள் விதித்த கர்னல் நீல், அவ்வாண்டு லக்னோவில் மாண்டான். சென்னைப் படையைச் சேர்ந்தவன் ஆதலின், சென்னை மவுண்ட் ரோடில் அவனுக்குச் சிலை எழுந்தது. 1927-இல் அதனை அகற்றக் கோரித் தமிழகத்துத் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்தனர். மதுரையிலிருந்து வந்த இருவர் ஏணி வைத்து ஏறிச் சிலையைத் தாக்கிச் சிறை சென்றனர். அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள், போராட்டம் அகிம்சை வழியிலேயே நடைபெற வேண்டுமென வலியுறுத்தினார். பத்தாண்டு கழித்து, 1937-இல் ராஜாஜி முதன்மையமைச்சரானபின், சிலை பீடத்திலிருந்து இறக்கப்பட்டு எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்குப் போயிற்று. நாற்சந்தியில் நின்றபோது அது ஒரு கட்டளை. காட்சிசாலையில் அது ஒரு சான்று.

தில்லியிலும் இதற்கு ஓர் இணை உண்டு. இந்தியா கேட்டுக்கு அருகிலுள்ள கல் விதானத்தின்கீழ் நிறுவியிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலைக்கு, 1965 ஆகஸ்டில் ஓர் அரசியல் கட்சியைச் சேர்ந்தோர் தார் பூசி, மூக்கையும் காதையும் சிதைத்தனர். 1968-இல் அச்சிலை நகரின் வடக்கேயுள்ள முடிசூட்டுப் பூங்காவிற்குக் கொண்டு செல்லப்பட்டது. பல்லாண்டு வெறுமையாக இருந்த விதானத்தின்கீழ் 2022 செப்டம்பரில் நேதாஜியின் 28 அடி உயரக் கருங்கற்சிலை திறக்கப்பட்டது. மூக்கை உடைத்ததால் வரலாறு மாறவில்லை. இடம் மாற்றியதால் இடத்தின் பொருள் மாறிற்று.

பிரெஞ்சுப் புரட்சியின்போதும் இப்பாடத்தை அந்நாட்டார் கற்றனர். அரசர் சிலைகளும் தேவாலயச் சிற்பங்களும் நொறுக்கப்பட்டதைக் கண்டு கிரெகுவார் என்னும் பாதிரியார், தாமே ஒரு புரட்சியாளராயிருந்தும், 1794-இல் இச்செயலுக்கென ஒரு சொல்லைப் படைத்தார். பண்டை ரோமாபுரியைச் சூறையாடிய வாண்டல் கூட்டத்தாரின் பெயரால் ‘வாண்டலிசம்’ என்றார். அடுத்த ஆண்டிலேயே லெனுவார் என்பவர், உடையாமல் தப்பிய சிற்பங்களைத் திரட்டிப் பாரிசில் ஒரு காட்சிசாலையைத் திறந்தார். கண்டிக்க ஒரு சொல்லும், காக்க ஓர் இடமும் ஒருங்கே பிறந்தன.

இக்காலத்திலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2021 ஜனவரி 26-ஆம் நாள், விவசாயிகள் போராட்டத்தில் ஒரு பகுதியினர் செங்கோட்டைக்குள் புகுந்த குழப்பத்தில், வாயிற்புறத்தில் சில பொருள்கள் உடைந்ததாகவும் பித்தளைக் கலசங்கள் காணாமற் போனதாகவும் அறிவிக்கப்பட்டது. கேட்பவர் கோரிக்கையில் நியாயம் இருக்கலாம். கலசத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

சட்டம் இருக்கிறது. பழஞ்சின்னங்களைப் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010-இல் திருத்தப்பட்டபின், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. அரசியலமைப்பின் 49-ஆவது விதி, இச்சின்னங்களைக் காக்கும் பொறுப்பை அரசின்மேல் வைக்கிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட குடிமக்களின் அடிப்படைக் கடமைகளோ, நம் கலப்புப் பண்பாட்டின் செல்வத்தைப் பேணுவதையும், பொதுச்சொத்தைக் காத்து வன்முறையை விலக்குவதையும் ஒரே பட்டியலில் வைக்கின்றன. அவை இரண்டும் ஒரே கடமையின் இரு முகங்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

‘பிழைப்புக்கு வந்த இடத்தில் இதெல்லாம் நமக்கெதற்கு? மொகலாயர் சுவரை மொகலாயர் ஊரார் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று நம்மவருள் சிலர் நினைக்கக்கூடும். அவ்வாறு நினைப்பதற்கில்லை. நாம் இந்நகரில் எண்ணிக்கையிற் சிறியவர்கள். வேற்று மொழி பேசுவோர். ஒரு நகரம் தன்னுள் வாழும் சிறு கூட்டத்தாரின் கல்லைக் காக்கக் கற்றிருந்தால், வேற்றூரிலிருந்து வந்தவனின் கதவையும் அது காக்கும். கல்லை உடைக்கப் பழகிய கை, கதவின் முன் தயங்கி நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆதலின், மெஹ்ரௌலியின் சாலகம் அழகிய கைவேலை மட்டுமன்று; நம் பாதுகாப்புக்கும் அது ஓர் அடையாளம்.

இயன்றவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மெஹ்ரௌலிக்குச் சென்று வரவேண்டும். குதுப் மினாரைக் கண்ட அளவில் திரும்பிவிடாமல், சற்று நடந்து தர்காவையும் யோகமாயா கோயிலையும் காண வேண்டும். உடைத்தவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால், அதற்கும் விடை சொல்ல வேண்டும். அதனோடு, அங்கே உருஸ் விழா அச்சமின்றி நடைபெற வேண்டுமென்று உணவை மறுத்தவர் யார் என்பதையும் சொல்ல மறத்தல் ஆகாது.